தாடியின் குப்பைக்காரன்

தாடி தாடியை எடுத்துவிட்டு வந்திருந்தான். படியேறி வந்து கதவைத் தள்ளியவனை முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பிரிண்டர் மை விற்க வந்தவன் என்று நினைத்து, "இன்னைக்கு வேண்டாம்பா" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் மனைவி நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டாள். "டேய் தாடி! என்னடா இது, முகத்தைக் காணோம்?" என்று அவள் போட்ட சத்தம் கீழே டயர் கடை வரைக்கும் கேட்டிருக்கும். மழுமழுவென்று இருந்த அந்த முகத்தில், சிரித்தால் கன்னத்தில் குழி வேறு விழுந்தது. இத்தனை வருடம் அதை மூடி வைத்திருந்ததற்காகவாவது நான் அவனுக்கு நன்றி சொல்லியிருக்க வேண்டும்.

அலுவலகம் என் மச்சானுடையது, அதாவது என் மனைவியின் அண்ணனுடையது. டயர் கடைக்கு மேலே இரண்டு அறைகள், எந்நேரமும் ரப்பர் வாசம். ஸ்வெட்டர் பின்னுகிற இயந்திரங்களுக்கு நாங்கள் மூளை செய்து தருகிறோம் என்று மச்சான் ஊரெல்லாம் சொல்வார். உண்மையில் அந்த இயந்திரங்களின் பக்கத்தில் தொங்குகிற சின்னப் பெட்டிக்கு நிரல் எழுதுகிறோம். எந்த ஊசி எழும்ப வேண்டும், எந்த நிற நூல் வர வேண்டும் என்பதையெல்லாம் டிசைன் போடுகிறவர்கள் லிஸ்ப் என்கிற அடைப்புக்குறி மொழியில் எழுதுவார்கள். பெட்டிக்குள் இருக்கும் இன்டர்பிரட்டர் அதை வரி வரியாகப் படித்து ஊசிகளுக்குச் சொல்லும். அந்த இன்டர்பிரட்டரை எழுதியது என் மனைவியும் தாடியும். அவன் வேலையை விட்டுப் போன பிறகு அவன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவன் நான். அடுத்த வருடம் எங்களுக்குக் கல்யாணம் நடந்தது.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மச்சான் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு, "உண்மையைச் சொல்லணும்னா தாடிக்குத்தான் குடுக்கலாம்னு இருந்தோம் மாப்ளை. அதுக்குள்ள அவன் வேற ஊருக்குக் கிளம்பிட்டான்" என்றார். கேட்ட நிறத்தில் சட்டை இல்லாததால் வேறு நிறம் எடுத்த மாதிரி சொன்னார். அவர் மனதில் ஒன்றும் கிடையாது, வெள்ளந்தி மனுஷன். எனக்குத்தான் அன்றிலிருந்து இன்றுவரை நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருக்கிறது.

தாடி சும்மா பார்த்துவிட்டுப் போக வரவில்லை. விமானத்தில் போகிற தூரத்தில் ஒரு ஊரில் அவனுக்கு இப்போது சொந்தக் கம்பெனி இருக்கிறது. பெரிய இயந்திரங்கள், பெரிய ஆர்டர்கள். என் மனைவி அங்கே வந்து ஒரு புது மொழியையே அடியிலிருந்து எழுத வேண்டும் என்றான். "உன்னை விட்டா இதைச் செய்ய ஆள் இல்லை" என்று, என்னை எதிரில் வைத்துக்கொண்டே சொன்னான். பிறகுதான் என் ஞாபகம் வந்தது போல என் பக்கம் திரும்பி, "நீங்களும் வரலாம் பாஸ். உங்களுக்கும் அங்க ஏதாவது பாத்துடலாம்" என்றான். ஏதாவது! அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் பல நாள் தூக்கம் கெட்டேன். மச்சான் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான். தங்கச்சி போய்விட்டால் தன் கடையை மூட வேண்டியதுதான் என்பதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

அதைவிட அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அந்த இதுல..." என்று அவன் ஆரம்பிப்பான். "ஆமா, அது போய் இங்க இடிக்கும்" என்பாள் அவள். "அப்போ தலைகீழா?" "அதேதான்டா!" இருவரும் சிரிப்பார்கள். நானும் அதே வேலை செய்கிறவன்தான். ஒரு வார்த்தை புரியவில்லை. என்னை அவள் 'நீங்க' என்பாள், அவனை 'டா'. மரியாதை கொடுத்து ஒருவனை வாசலிலேயே நிற்க வைக்க முடியும் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

"மாசக் கடைசிக்குள்ள சொல்றேன்டா" என்று சொல்லி அவனை அனுப்பி வைத்தாள்.

வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தவள் தானாகவே பேச்சை எடுத்தாள்.

"நீங்க என்ன நினைக்கறீங்க? போகட்டுமா?"

போகாதே என்பதுதான் என் வாய் நிறைய இருந்தது. அதைச் சொன்னால் அவள் வளர்ச்சிக்குக் குறுக்கே நிற்கிறவன் என்று ஆகிவிடும். தாடி அப்படி ஒரு வார்த்தை சொல்லவே மாட்டான். பெரிய மனுஷன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "உன் இஷ்டம்" என்றேன். அவள் கையில் இருந்த தலையணை உறையோடு கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். பிறகு அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, அலமாரியில் வைத்தாள். அதன் பிறகு அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் ஒரு ஸ்வெட்டர் ஆலையிலிருந்து புகார் வந்தது. எங்களுடைய பெரிய வாடிக்கையாளர். பெட்டி காலையில் ஒழுங்காக ஓடுகிறது, மத்தியானத்துக்கு மேல் புது டிசைனை ஏற்றினால் மெமரி நிரம்பிவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. என் மனைவி அதே ஆலைக்கான வேறொரு வேலையில் மூழ்கியிருந்ததால் மச்சான், "நீங்க ஒரு கை பாருங்க மாப்ளை" என்றார். பார்த்தேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன். பிடித்ததும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் வெட்கக்கேடு. தப்பு தாடியுடையது.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆக வேண்டும். மெமரியை ஒரு பெரிய லாட்ஜ் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிஸ்ப் நிரல் ஓட ஓட ரூம் ரூமாக எடுத்துக்கொண்டே போகும். காலி பண்ணுகிற பழக்கம் அதற்குக் கிடையாது. அறைகள் தீர்ந்து போகிற நேரத்தில் கார்பேஜ் கலெக்டர் வருவான். எங்கள் அலுவலகத்தில் அவனுக்குக் குப்பைக்காரன் என்று பெயர். எல்லா வேலையையும் அப்படியே நிறுத்தச் சொல்லிவிட்டு, நிரலுக்குள் ஆளுக்கொரு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றின் கையையும் விரித்துப் பார்ப்பான். கையில் ஒரு அறையின் எண் இருந்தால் அந்த அறைக்கு அடையாளம் போடுவான். அந்த அறைக்குள் வேறு அறைகளின் எண்கள் இருந்தால் அவற்றுக்கும் அடையாளம். அடையாளம் விழாத அறைகளைப் பெருக்கித் துடைத்து, அடுத்து வருகிறவனுக்குக் கொடுத்துவிடுவான். இந்த அறை எண்ணுக்குத்தான் பாயிண்டர் என்று பெயர்.

இதில் ஒரே ஒரு சங்கடம். ஃபங்ஷன் கையில் வைத்திருப்பது அறை எண்ணா, இல்லை வெறும் கணக்கா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. இரண்டும் எண்தான். தாடி எழுதிய குப்பைக்காரன் அதற்கெல்லாம் அலட்டிக்கொள்ள மாட்டான். அறை எண் மாதிரி இருக்கிறதா? அப்படியானால் அறை எண்தான், போடு அடையாளம். எதற்கு வம்பு என்கிற ரகம். இந்தத் தொழிலில் இதற்கு எச்சரிக்கையான முறை என்று கௌரவமான பெயர் உண்டு. என்னைக் கேட்டால் சோம்பேறித்தனம். பெட்டியில் என்ன நடந்தது என்றால், எவ்வளவு நூல் ஓடியிருக்கிறது என்று மில்லிமீட்டரில் கூட்டிக்கொண்டே போகிற ஒரு எண் இருந்தது. நாளெல்லாம் பின்னப் பின்ன அது வளர்ந்து, மத்தியான வாக்கில் அறை எண்களின் வரிசைக்குள் வந்து நின்றது. குப்பைக்காரன் அதைப் பார்த்து, யாருக்கோ அந்த அறை வேண்டும் போலிருக்கிறது என்று அடையாளம் போட்டான். அந்த அறையிலிருந்து தொடங்கி, காலையிலேயே முடிந்து போன டிசைன் முழுவதும் வால் பிடித்துக்கொண்டு உயிரோடு நின்றது. சின்னப் பெட்டி. பழைய விருந்தாளி போகாவிட்டால் புது விருந்தாளிக்கு இடம் ஏது?

நியாயமாக நான் என்ன செய்திருக்க வேண்டும்? பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருந்தவளிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். "ஐயோ, ஆமா!" என்று நெற்றியில் அடித்துக்கொண்டு உடனே தாடிக்குப் போன் போடுவாள். "அந்த இதுல..." என்று அவன் ஆரம்பிப்பான். ஒரு மணி நேரத்தில் இருவரும் சிரித்துக்கொண்டே சரி பண்ணிவிடுவார்கள். கண்டுபிடித்தவன் டீ வாங்கிவரப் போயிருப்பான். தாடி இல்லாமல் இந்த ஊரில் இந்தக் கடை ஓடும், அவனைவிட நன்றாகவே ஓடும் என்று அவளுக்குக் காட்டியாக வேண்டும். மாதக் கடைசி நெருங்கிக்கொண்டிருந்தது.

அதனால் அவனுடைய குப்பைக்காரனை அப்படியே தூக்கிவிட்டு நான் ஒரு குப்பைக்காரனை எழுதினேன். என் ஆள் ஊகம் பண்ண மாட்டான். ஒவ்வொரு ஃபங்ஷனும் தன் கையில் எந்தெந்த அறைகள் இருக்கின்றன என்று தானே வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் அடையாளம் விழும், சொல்லாவிட்டால் விழாது. நூல் நீளமெல்லாம் அவனிடம் செல்லுபடியாகாது. சுத்தமான வேலை. ஆனால் இதற்காக இன்டர்பிரட்டரில் இருக்கிற ஒவ்வொரு ஃபங்ஷனாகத் திறந்து, இது அறை, இது கணக்கு என்று பிரித்துப் பார்த்து, கையால் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போக வேண்டும். முதுகு ஒடிந்தது. அவள் ஒரு தடவை எட்டிப் பார்த்து, "என்ன இவ்வளவு மும்முரம்?" என்றாள். "மெமரி விஷயம்தான், சின்ன வேலை" என்று மென்று முழுங்கினேன்.

எல்லாக் கோப்புகளையும் வரி விடாமல் படித்தேன், ஒன்றைத் தவிர. டிசைன்களை ஒன்றோடொன்று ஒட்டுகிற கோப்பு அது. அவர்கள் இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதியது. அதில் நிரல் பாதி, இடையிடையே ஒருவருக்கொருவர் எழுதி வைத்த 'கமெண்ட்' என்கிற குறிப்புகள் பாதி. 'தாடி, இந்த வரியைத் தொட்டா கை முறியும்.' கீழே, 'தொடல தாயே.' அதற்கும் கீழே, 'பசிக்குது. மிச்சத்தை நாளைக்கு எழுது.' 'நீ எழுதினதை நான் திருத்தறதுக்குள்ள விடிஞ்சுரும்.' இப்படியே பக்கம் பக்கமாக. எங்களுக்குள் எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துப் பார்த்தேன். பால் வாங்கி வரச் சொல்லி வந்த மெசேஜ்கள் இருந்தன. கண் அந்தக் குறிப்புகளிலேயே போய்ப் போய் விழுந்தது. நிரலைப் பார்த்தேனா என்று கேட்டால், பார்த்தேன் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். கடைசியில் ஆத்திரம் தாங்காமல் குறிப்புகளை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தேன். கோப்பு ஒல்லியாக, ஒழுங்காக, யாரோ ஒருவர் எழுதியது போல ஆகிவிட்டது. அங்கங்கே தேவையான வரிகளைச் சேர்த்து மூடினேன்.

சோதனை எல்லாம் தேறியது. ஆலையில் போட்டுப் பார்த்தார்கள், மத்தியானம் தாண்டியும் பெட்டி நிற்கவில்லை. மச்சான் முதுகில் ஓங்கித் தட்டி, "பின்னிட்டீங்க மாப்ளை!" என்றார். அவளும் தன் மேஜையிலிருந்து எழுந்து வந்தாள். என் நாற்காலியின் கையில் உட்கார்ந்து, "நெஜமாவே நல்லாருக்கு. இவ்வளவு நாளா யாரும் பிடிக்கல பாருங்க" என்றாள். எந்த இடத்தில் தப்பு என்று அவள் கேட்டபோது, "எண்ணு ஒண்ணு வரம்பு தாண்டி வந்துச்சு" என்று மேலோட்டமாகச் சொல்லி வைத்தேன். அவளுக்கு அவசரம், விட்டுவிட்டாள். போகும்போது, "இப்படிச் செய்ய ஆரம்பிச்சா இங்கேயே எவ்வளவோ இருக்கு, இல்ல?" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில் நான் சீட்டியடித்தேன். எனக்குச் சீட்டியடிக்க வராது.

ஆலை சூப்பர்வைசரம்மா போன் செய்தது அந்த வாரக் கடைசியில். "ரெண்டு பேரும் கிளம்பி வாங்க. போன்ல சொன்னா நம்ப மாட்டீங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

பின்னல் கூடத்தில் பேச வேண்டுமானால் கத்த வேண்டும். வரிசையாக நின்ற இயந்திரங்களில் ஊசிகளை எழுப்பும் வண்டி இடமும் வலமும் ஓடிக்கொண்டிருந்தது, காற்றில் கம்பளிப் பஞ்சு மிதந்தது. சூப்பர்வைசரம்மா வெளிச்சத்துக்குக் கீழே ஒரு மேஜையில் துணியை விரித்தார். ஸ்வெட்டரின் முதுகுப் பக்கம். சாம்பல், வெள்ளை, சாம்பல், வெள்ளை என்று கோடுகள் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. நடுவில், இடது ஓரமாக, கோடுகள் நின்று போய் ஒரு கைப்பிடி இலைகள் முளைத்திருந்தன. நரம்பெல்லாம் தெளிவாகத் தெரிகிற அழகான இலைகள். அதற்கு மேலே மறுபடி கோடுகள், ஒன்றுமே நடக்காதது போல.

"நான் கேட்டது கோடு. நீங்க குடுத்திருக்கறது தோட்டம்" என்றார் அவர். "இது அடுத்து ஓட்டறதுக்கு ஏத்தின வேற ஸ்வெட்டரோட கை டிசைன். இங்க எப்படிம்மா வந்துச்சு? இந்த மாதிரி இன்னும் நாலு துண்டு இருக்கு. கம்பளி என்ன விலைன்னு தெரியுமில்ல?"

என் மனைவி இலைகளின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. உயிரோடு இருந்த கோடுகளின் அறையை என் குப்பைக்காரன் காலி என்று நினைத்துப் பெருக்கி, இலைகளுக்குக் கொடுத்திருக்கிறான். ஏதோ ஒரு ஃபங்ஷன் தன் கையில் இருப்பதைச் சொல்லவில்லை. எது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டுகிற கோப்பு. இடது துண்டைக் கையில் வைத்துக்கொண்டு வலது துண்டைத் தயார் பண்ணுகிற இடம். சரியாக அந்த இடைவெளியில் குப்பைக்காரன் வந்தால்தான் மாட்டும். என் சோதனை டிசைன்கள் சின்னவை, அப்போதெல்லாம் அவன் வரவே இல்லை.

அவள் கண்ணாடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள். நானும் பின்னால் போய் நின்றேன்.

"டேய் தாடி! உன் குப்பைக்காரன் என் மானத்தை வாங்கிட்டான்டா."

"என்ன பண்ணினான்?"

மடிக்கணினியைத் திறந்துகொண்டே அவள் விவரத்தைச் சொன்னாள்.

"மத்த கோடெல்லாம் சரியா இருக்கா? நடுவுல மட்டும் இலையா?"

"ஆமா."

"அப்ப அது என் ஆள் இல்லை" என்றான். கோபமே இல்லாமல் சொன்னான். "என் ஆள் சோம்பேறி. எதையும் தூக்கிப் போட மாட்டான், கட்டிக்கிட்டு அழுவான். மெமரி ரொம்பிருச்சுன்னு சொல்லு, ஒத்துக்கறேன், கால்ல வேணா விழறேன். உயிரோட இருக்கறதை எடுத்து இன்னொருத்தனுக்குக் குடுத்துட்டான்னு மட்டும் சொல்லாத. அவனுக்கு அந்தத் தைரியமெல்லாம் கிடையாது."

இந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. தாடி மாட்டிக்கொண்டு திருதிருவென்று முழிப்பதை இன்னும் ஒரு நிமிடம் கேட்க எனக்கு ஆசையாக இருந்தது. அவனோ முழிக்கவே இல்லை. அவளுடைய கை விசைப்பலகையில் ஓடிக்கொண்டிருந்தது, பிறகு ஓடவில்லை. திரையில் குப்பைக்காரனின் கோப்பு. தாடியின் ஒரு வரிகூட அதில் கிடையாது. அவள் அடுத்த கோப்பைத் திறந்தாள். மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே உருட்டினாள். எதைத் தேடினாள் என்பது எனக்குத் தெரியும்.

"யாரோ மாத்தியிருக்காங்க. யாரு?" என்றான் தாடி.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். என்னவோ கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"நான்தான்" என்று போனைப் பார்த்துச் சொன்னாள். "அவசரத்துல மாத்தினேன்."

"நீயா? நீ இப்படி விட மாட்டியே."

"விட்டுட்டேன். இப்ப என்ன அதுக்கு? அப்புறம் பேசறேன்."

போனை அணைத்தாள். எனக்காகப் பொய் சொல்லி, அவன் கண்ணில் தன்னைத் தானே இறக்கிக்கொண்டிருக்கிறாள். மனுஷனாக இருந்தால் நான் உருகியிருக்க வேண்டும். என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? 'நீ இப்படி விட மாட்டியே' என்று போனில் குரலை மட்டும் கேட்டுச் சொல்கிற அளவுக்கு அவனுக்கு அவளைத் தெரிந்திருக்கிறதே என்று போயிற்று. அவ்வளவு கேடுகெட்ட புத்தி.

விட்ட இடத்தைக் கண்டுபிடிக்க அவளுக்கு நேரமே ஆகவில்லை. "இங்க இடது துண்டை யாரும் சொல்லல" என்று சொல்லி, ஒரு வரியைச் சேர்த்துச் சேமித்தாள். அவ்வளவுதான். பெட்டியில் ஏற்றினோம். வண்டி ஓட ஆரம்பித்து, சாம்பலும் வெள்ளையுமாகத் துணி கீழே இறங்கியது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"கமெண்டெல்லாம் எங்க?" என்றாள், துணியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"தூக்கிட்டேன்."

"ஏன்?"

"தேவையில்லாம கெடந்துச்சு."

"கமெண்ட் ஒரு பைட் இடம்கூட அடைக்காது. பெட்டிக்குள்ளயே போகாது" என்றாள். "அது உங்களை என்ன பண்ணுச்சு?"

நான் வாய்க்குள் எதையோ முனகினேன், இயந்திரச் சத்தத்தில் அது எனக்கே கேட்கவில்லை.

சூப்பர்வைசரம்மா லேசில் விடுகிற ஆள் இல்லை. கெட்டுப் போன துண்டுகளைக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார். "சுத்தற மெஷினெல்லாம் வேலையில இருக்கு. கையால பிரிச்சு நூலை என்கிட்ட குடுத்துட்டுத்தான் ரெண்டு பேரும் வீட்டுக்குப் போறீங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு ஸ்டூலை மட்டும் இழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஸ்டூலில் அவள் உட்கார்ந்தாள். நான் எதிரில் நின்றுகொண்டு இரண்டு கைகளையும் நீட்டினேன். அவள் மேல் விளிம்பில் முடிச்சை அவிழ்த்து, நூலின் நுனியை என் கட்டைவிரலில் மாட்டிவிட்டு, துணியிலிருந்து இழுத்து இழுத்து என் கைகளைச் சுற்றிச் சுற்றி வந்தாள். பிரிந்து வருகிற கம்பளி நேராக வராது. பின்னலில் இருந்த சுருள் அப்படியே இருக்கும். ஒரு வரிசை இந்தக் கோடி வரை, அடுத்த வரிசை அந்தக் கோடி வரை. அவள் விரல்கள் ஒவ்வொரு சுற்றிலும் என் விரல்களில் உரசிக்கொண்டு போயின.

"போகட்டுமான்னு உங்ககிட்டதான் கேட்டேன்" என்றாள்.

"ம்."

"'உன் இஷ்டம்'னீங்க. சரி, மனுஷனுக்கு ஒண்ணும் இல்லை போல, நாம இருந்தாலும் ஒண்ணுதான் போனாலும் ஒண்ணுதான்னு நானும் நினைச்சுக்கிட்டேன். இங்க பாத்தா, வாரக்கணக்கா உக்காந்து அவன் எழுதினதை ஒவ்வொண்ணா அழிச்சிருக்கீங்க." நூலைக் கொஞ்சம் வேகமாக இழுத்தாள். "போகாதன்னு ஒரு வார்த்தை. அதைச் சொல்ல முடியாம ஒரு இன்டர்பிரட்டரையே புரட்டிப் போட்டிருக்கீங்க. யாராவது கேட்டா சிரிப்பாங்க."

அவள் சிரிக்கவில்லை. பிரித்துக்கொண்டு வந்ததில் துணி இலைகளுக்கு வந்திருந்தது. முதல் இலையின் நுனி கழன்று என் கைக்கு வந்தது.

"இனிமே சொன்னா?" என்றேன்.

அவள் இழுப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். அவள் என்னை அப்படிப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்தது.

"சொல்லுங்க."

சொல்லியிருப்பேன், சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அதற்குள் மேஜை மேல் இருந்த அவளுடைய போன் வெளிச்சம் போட்டு நடுங்க ஆரம்பித்தது. தாடி. நடுங்கி நடுங்கி அது மேஜையின் விளிம்பை நோக்கி நகர்ந்தது. அவள் அதைப் பார்த்தாள், எடுக்கவில்லை. மறுபடி என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க" என்றாள் இரண்டாம் முறை.

வாயைத் திறந்தேன். அவன் பெயர் அங்கே வெளிச்சம் போட்டுக்கொண்டிருக்கும்போது, அவன் கேட்டுக்கொண்டு நிற்பது போல இருக்கும்போது, அந்த வார்த்தை ஒரு கெஞ்சலாக ஆகிவிடும் என்று தோன்றியது.

"எடு" என்றேன். "எவ்வளவு நேரம் அடிச்சுக்கிட்டிருக்கும்."

அவள் துணியைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு எழுந்து, போனை எடுத்துக் காதில் வைத்தாள். கூடத்துச் சத்தத்தில் எதுவும் கேட்காததால் மற்றொரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, இயந்திரங்களின் நடுவே அந்தக் கோடியில் இருந்த ஜன்னலைப் பார்த்து நடந்தாள். நூல் அறுபடவில்லை. அவள் நடக்க நடக்க அக்குளிலிருந்த துணி வரிசை வரிசையாகக் கழன்று, சுருள் சுருளாக எனக்கும் அவளுக்கும் நடுவில் நீண்டுகொண்டே போயிற்று. கையை இறக்கினால் எல்லாம் சிக்காகிவிடும். இரண்டு கைகளையும் நீட்டியபடி நான் நின்றுகொண்டிருந்தேன்.